தேக்கம் உண்மைதானா? பீட்டர் தீலின் எதிர்நிலைக் கருத்துகளைப் பற்றிய ஓர் உரையாடல்

நீள்வானம் எழுதியது:

அமெரிக்கத் தொழில்நுட்ப முதலீட்டாளர் பீட்டர் தீலைப் பற்றி நான் தமிழில் படித்தவை பெரும்பாலும் இரண்டு வகையைச் சேர்ந்தவை. இணையவழிப் பணம் செலுத்தும் சேவையான பேபாலை நிறுவியவர்களுள் ஒருவர், 2004இல் ஃபேஸ்புக்கில் 5 லட்சம் டாலர் போட்டுப் பத்து விழுக்காட்டுக்கும் சற்றுக் கூடுதலான பங்கைப் பெற்றவர் என்ற வெற்றிக்கதை ஒன்று. டொனால்ட் டிரம்புக்கும் ஜே.டி. வான்ஸுக்கும் பின்னால் நிற்கும் செல்வந்தர் என்ற எச்சரிக்கை இன்னொன்று. அவருடைய கருத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கும், எது நிற்காது என்று பார்த்த எழுத்து எனக்குக் கிடைக்கவில்லை. அதை இங்கே செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அவருடைய சிந்தனைக்கு அச்சாணி என்று நான் கருதுவது தேக்கம் பற்றிய கருத்தை. 2011இல் எழுதிய கட்டுரையிலும், அதே காலத்தில் அவருடைய முதலீட்டு நிதியமான ஃபவுண்டர்ஸ் ஃபண்ட் வெளியிட்ட அறிக்கையிலும் அவர் சொன்னது இதுதான்: 1970களுக்குப் பிறகு கணினியும் இணையமும் மட்டுமே வேகமாக வளர்ந்தன, ஆற்றல், போக்குவரத்து, மருத்துவம், கட்டுமானம், வேளாண்மை போன்ற, பொருளோடு மல்லுக்கட்ட வேண்டிய துறைகள் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன, கையில் உள்ள திரையின் பளபளப்பு இந்த உண்மையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

இதை மிகை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. மனிதன் நிலவில் கடைசியாகக் கால் வைத்தது 1972 டிசம்பரில், அப்பல்லோ 17 பயணத்தில். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் சென்ற கான்கார்டு விமானம் 2003இல் ஓய்வு பெற்றது. அந்த வேகத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானம் இன்று ஒன்றும் இல்லை. பொருளியலாளர் ராபர்ட் கார்டனின் கணக்குப்படி, அமெரிக்காவின் மொத்தக் காரணி உற்பத்தித்திறன் (அதே உழைப்பையும் மூலதனத்தையும் கொண்டு எவ்வளவு கூடுதலாக உற்பத்தி செய்ய முடிகிறது என்ற அளவு) 1920 முதல் 1970 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1.9 விழுக்காடு வளர்ந்தது. அதன் பிறகான கால் நூற்றாண்டில் அது 0.6 விழுக்காட்டை ஒட்டிச் சுருங்கியது. கார்டன் தீலின் அரசியலைச் சேர்ந்தவர் அல்லர் என்பதையும் கருத வேண்டும்.

ஆனால் அவர் சொல்லும் மருந்து எனக்கு ஏற்புடையதாக இல்லை. மக்களாட்சியிலிருந்து விலகிச் செல்வதுதான் வழி என்று 2009இல் எழுதினார். நோயை ஓரளவு சரியாகக் கண்டறிந்த ஒருவர், நோயைத் தீர்க்கக்கூடிய ஒரே கையை வெட்டிவிடச் சொல்கிறார் என்பதே என் வாதம். நண்பர்கள் மறுக்கலாம், சான்றோடு மறுக்க வேண்டும் என்பது மட்டுமே வேண்டுகோள்.

கொதிகலன் எழுதியது:

நண்பர் நீள்வானம் அவர்களுக்கு வணக்கம். மின்னுற்பத்தித் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் ஆற்றலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அணுமின்சாரத்தைப் பொறுத்தவரை தீலின் குற்றச்சாட்டு பெரும்பாலும் சரியே. ஜார்ஜியா மாநிலத்து வோக்டில் நிலையத்தில் புதிதாகக் கட்டப்பட்ட இரண்டு அணு உலைகள் 2023இலும் 2024இலும்தான் உற்பத்தியைத் தொடங்கின. திட்டமிட்டதைவிட ஏழு ஆண்டுகள் தாமதம். செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டி, முதல் மதிப்பீட்டைப் போல இரு மடங்குக்கும் மேலே போய்விட்டது. 1960களில் உலை கட்டிய தலைமுறை இதைக் கண்டால் நம்பியிருக்காது. உரிமம் வழங்கும் முறை இதற்கு ஒரு காரணம். தொடர்ந்து கட்டாமல் விட்டதால் கைத்திறனும் உதிரிப்பொருள் வழங்கும் நிறுவனங்களும் அழிந்துபோனது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஒழுங்குமுறையை மட்டுமே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது துறையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் செய்யும் வேலை.

ஆனால் சூரிய ஒளி மின்சாரத்தை அவர் எப்படித் தாண்டிச் செல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைய பண மதிப்பில் 1976இல் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 டாலர் இருந்த சூரியத் தகட்டின் விலை, 2019இல் 40 சென்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. மொத்த உற்பத்தி இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் விலை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்து வந்திருக்கிறது. இது கண்ணாடியும் சிலிக்கனும் வெள்ளிப் பசையும் சேர்ந்த, கையால் தொடக்கூடிய பொருள். இதைத் தேக்கம் என்று எந்த அளவுகோலால் சொல்ல முடியும்?

இது நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். சிலிக்கன் சூரிய மின்கலம் 1954இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. முதலில் அதை வாங்கியது செயற்கைக்கோள்களுக்காக அமெரிக்க அரசு. 2000ஆம் ஆண்டில் ஜெர்மனி, சூரிய மின்சாரத்துக்கு நிலையான விலையை உறுதி செய்யும் சட்டம் இயற்றியது. அந்தச் சந்தையை நம்பிச் சீனா ஆலைகளைக் கட்டியது. எந்தப் படியிலும் மக்களாட்சியை விட்டு ஓடியவர் யாரும் இதற்குத் தேவைப்படவில்லை; ஜெர்மனியின் நாடாளுமன்றத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

ஆழிக்கரை எழுதியது:

நான் தீலின் பக்கம் நின்று பேச விரும்புகிறேன். இந்த இழை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்ற கவலை எனக்கு இருக்கிறது.

எதிர்நிலைச் சிந்தனை என்பதை அவர் எல்லாவற்றையும் மறுப்பதாகப் பொருள் கொள்ளவில்லை. வேலைக்கு வருபவரிடம், மிகச் சிலரே உங்களோடு ஒத்துக்கொள்ளக்கூடிய முக்கியமான உண்மை எது என்று கேட்பதாகத் தம்முடைய ‘ஜீரோ டு ஒன்’ நூலில் எழுதியிருக்கிறார். பெரும்பான்மை சொல்வதைத் தலைகீழாக்கினால் விடை கிடைத்துவிடாது. தானே யோசிக்க வேண்டும் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் அவருக்கு ஆசிரியராக இருந்த ரெனே ஜிரார், மனிதர்களின் ஆசை பிறரைப் பார்த்துப் பிறக்கிறது என்று கற்பித்தார். எல்லோரும் விரும்புவதால் நாமும் விரும்புகிறோம், அதனாலேயே ஒரே பொருளுக்கு மோதிக்கொள்கிறோம் என்ற அந்தப் பார்வையிலிருந்துதான் போட்டியைப் பற்றிய தீலின் ஐயம் வருகிறது.

அவர் சொன்னதைச் செய்தும் காட்டினார். 2008 ஆகஸ்டில் ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 ராக்கெட் மூன்றாம் முறையாகத் தோற்றது. அந்தச் சமயத்தில் அந்த நிறுவனத்தில் ஃபவுண்டர்ஸ் ஃபண்ட் 2 கோடி டாலர் முதலீடு செய்தது. செப்டம்பரில் நான்காம் ராக்கெட் சுற்றுப்பாதையை எட்டியது. பொருள் உலகில் முன்னேற்றம் இல்லை என்று புலம்பிவிட்டுச் செயலிகளில் மட்டும் பணம் போட்டவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

நீள்வானம் எழுதியது:

ஆழிக்கரை அவர்களுக்கு நன்றி. ஸ்பேஸ்எக்ஸைப் பற்றிச் சொன்னது முழுவதும் சரி. அந்தக் கதையில் இன்னொரு முதலீட்டாளரும் இருக்கிறார். நாசா 2006இல், விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு எடுத்துச் செல்லும் வாகனத்தை உருவாக்குவதற்காக ஸ்பேஸ்எக்ஸோடு 27.8 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்தது. 2008 டிசம்பரில், பன்னிரண்டு சரக்குப் பயணங்களுக்கான 160 கோடி டாலர் ஒப்பந்தத்தையும் வழங்கியது. அந்த ஒப்பந்தம் வராவிட்டால் நிறுவனம் மூழ்கியிருக்கும் என்பதை அதன் நிறுவனரே பலமுறை சொல்லியிருக்கிறார். தனியார் துணிச்சலும் வரிப்பணமும் சேர்ந்து செய்த காரியம் அது. தீலின் எழுத்தில் முதலாவது நாயகனாகவும் இரண்டாவது தடையாகவும் மட்டுமே வருவதுதான் என் மனத்தாங்கல்.

மருந்தாளுநர் எழுதியது:

மருத்துவத் துறையில் தேக்கம் என்பதற்கு அவர் பக்கம் வலுவான சான்று உண்டு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தால், நூறு கோடி டாலர் ஆராய்ச்சிச் செலவுக்கு எத்தனை புதிய மருந்துகள் ஒப்புதல் பெறுகின்றன என்ற எண்ணிக்கை, 1950 முதல் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து வந்திருக்கிறது. 2012இல் வெளியான இந்த ஆய்வு துறையில் உள்ள எல்லோரையும் உலுக்கியது.

தீல் இதற்கு அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகத்தைக் குறை கூறுகிறார். அதில் ஒரு பங்கு உண்மை. ஆனால் மருந்து பலன் தருவதை நிரூபித்த பிறகே விற்கலாம் என்ற 1962ஆம் ஆண்டுச் சட்டம் ஏன் வந்தது என்பதை மறந்து பேசக் கூடாது. தாலிடோமைடு மாத்திரையால் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் குறைபட்ட கைகால்களோடு பிறந்தார்கள். அமெரிக்காவில் அந்த மருந்துக்கு ஒப்புதல் தர மறுத்தவர் அதே நிர்வாகத்தில் பணிபுரிந்த ஃபிரான்சஸ் கெல்சி என்ற அலுவலர். அவர் கேட்ட சான்றுகளை நிறுவனத்தால் தர முடியவில்லை. அந்தப் பிடிவாதம் எத்தனை குடும்பங்களைக் காத்தது என்பதை நினைக்கும்போது, ஒழுங்குமுறை என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்க என்னால் முடிவதில்லை.

மருந்துகள் குறைந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. பழைய மருந்துகள் நன்றாகவே வேலை செய்கின்றன. புதியது அவற்றைவிடச் சிறந்தது என்று நிரூபிப்பது ஒவ்வோர் ஆண்டும் கடினமாகிறது. எளிதில் எட்டிய கனிகளை முன்னோர்கள் பறித்துவிட்டார்கள்.

அதே வேளையில், கொரோனா வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது. அந்த ஆண்டு டிசம்பரில் எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்கு அவசரகால ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்க அரசு ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு, ஆய்வு முடிவதற்கு முன்பே கோடிக்கணக்கான ஊசிகளுக்கு விலை பேசி வைத்தது. பரிசோதனையின் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நடத்தினார்களே தவிர, எந்தக் கட்டத்தையும் விட்டுவிடவில்லை. டிரம்பின் முதல் ஆட்சியிலேயே நடந்த இந்தச் சாதனையைத் தேக்கத்துக்கான விடையாக அவருடைய ஆதரவாளர்கள் உரிமையோடு எடுத்து வைத்திருக்கலாம். அவர்களுள் பலர் இதைப் பேசவே தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

தாழை எழுதியது:

அரசியல் பக்கத்தை யாரும் இன்னும் நேராகத் தொடவில்லை.

2009இல் அரசின் தலையீட்டைக் குறைக்கச் சொல்லும் அமெரிக்க ஆய்வு அமைப்பான கேட்டோ நிறுவனத்தின் இணைய இதழில் வந்த கட்டுரையில், சுதந்திரமும் மக்களாட்சியும் ஒன்றோடொன்று பொருந்தும் என்று தாம் இனிமேல் நம்பவில்லை என்று தீல் எழுதினார். 1920க்குப் பிறகு அரசின் உதவி பெறுவோர் பெருகியதும், பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும், முதலாளித்துவ மக்களாட்சி என்பதையே முரண்பட்ட தொடராக்கிவிட்டன என்பது அவர் வாதம். கண்டனம் எழுந்த பிறகு, பெண்களின் வாக்குரிமையைப் பறிக்க வேண்டும் என்று தாம் கருதவில்லை, வாக்களிப்பதால் நிலைமை மேம்படும் என்ற நம்பிக்கைதான் தமக்கு இல்லை என்று விளக்கினார். அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டாலும், பாதி மனித இனம் வாக்களிக்கத் தொடங்கியதை ஒரு இழப்புக் கணக்கில் எழுதிய மனநிலை எனக்கு ஏற்கத்தக்கதாக இல்லை. இதை ஒரு பெண்ணாகவும் சொல்கிறேன். வரலாறு படித்தவளாகவும் சொல்கிறேன். உற்பத்தித்திறன் மிக வேகமாக வளர்ந்ததாக நீள்வானம் அவர்கள் காட்டிய அரை நூற்றாண்டு 1920இலேயே தொடங்குகிறது. அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்ற அதே ஆண்டு! தீலின் இரண்டு வாதங்களும் இந்த இடத்தில் ஒன்றையொன்று முறிக்கின்றன.

அந்தக் கட்டுரையில் தப்பிச் செல்வதற்கு மூன்று இடங்களைச் சொன்னார்: இணையவெளி, விண்வெளி, நடுக்கடல். கடலில் மிதக்கும் ஊர்களை அமைக்க 2008இல் தொடங்கப்பட்ட அமைப்புக்கு 5 லட்சம் டாலர் கொடுத்தார். அந்த அமைப்பு 2017இல் பிரெஞ்சுப் பாலினீசிய அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்தது. உள்ளூர் மக்களின் எதிர்ப்புக்கிடையில் மறு ஆண்டே அது முடிந்துபோனது. அவர் தமக்காக 2011இல் நியூசிலாந்துக் குடியுரிமையும் பெற்றார். ஐந்து ஆண்டுகளில் 1,350 நாள்கள் தங்கியிருக்க வேண்டும் என்பது பொது விதி. அவர் தங்கியிருந்தது 12 நாள்கள். தனிச்சிறப்பான சூழல் என்று சொல்லி அமைச்சர் அனுமதித்தார். அரசை விட்டு விலகும் பாதைகூட ஓர் அரசின் கருணை வழியாகத்தான் போகிறது என்பதை இது காட்டுகிறது.

ஆழிக்கரை எழுதியது:

தாழை அவர்கள் சொன்ன 1920ஆம் ஆண்டுப் பொருத்தம் என்னை யோசிக்க வைத்தது. ஆனாலும் தீலின் கவலையைச் சற்று இரக்கத்தோடு படிக்கலாம். எந்தப் பெரிய திட்டத்தையும் ஆயிரம் பேர் தடுக்க முடியும், ஒருவரால்கூட முடித்துத் தர முடியாது என்ற நிலை வளர்ந்த நாடுகள் பலவற்றில் வந்துவிட்டது. அந்தச் சலிப்பின் வெளிப்பாடாகவே 2009 கட்டுரையை நான் படிக்கிறேன். அவரே பிறகு தப்பித்தலைக் கைவிட்டு, 2016இல் குடியரசுக் கட்சி மாநாட்டு மேடையில் ஏறினார். 2022இல் வான்ஸின் செனட் தேர்தலுக்கு 1.5 கோடி டாலர் கொடுத்தார். வாக்குப்பெட்டியில் நம்பிக்கை இல்லாதவர் இதைச் செய்வாரா?

வழக்குரை எழுதியது:

செய்வார். வாக்களிப்பதில் நம்பிக்கை இல்லாமல், வாக்குகளை நகர்த்தும் பணத்தில் மட்டும் நம்பிக்கை வைப்பது நடக்கக்கூடிய காரியம்தான்.

கிசுகிசுச் செய்திகளை வெளியிட்ட அமெரிக்க இணைய நிறுவனமான காக்கரின் வழக்கை இங்கே சேர்க்க விரும்புகிறேன். அந்த நிறுவனத்தின் இணையப் பக்கம் 2007இல் தீலின் பாலியல் நாட்டத்தை அவர் இசைவின்றி வெளியிட்டது. அது அவருக்கு இழைக்கப்பட்ட உண்மையான தீங்கு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர் தம் பெயரில் வழக்குத் தொடரவில்லை. மல்யுத்த வீரர் ஹல்க் ஹோகன் காக்கர் மீது தொடுத்த வழக்குக்கு மறைவாக ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவிட்டார். 2016 மார்ச்சில் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது; ஜூனில் காக்கர் திவாலானது. தீலின் பங்கு வெளியே தெரிந்தது தீர்ப்புக்குப் பிறகு.

தனியுரிமைக்காகப் போராடியதாக அவர் சொன்னார். அவர் 2003இல் மற்றவர்களோடு சேர்ந்து நிறுவிய பாலன்டிர், சிதறிக் கிடக்கும் தரவுகளை இணைத்துக் காவல்துறைக்கும் உளவுத்துறைக்கும் குடியேற்றத்துறைக்கும் மனிதர்களைத் தேடித் தரும் மென்பொருளை விற்கிறது. அதன் தொடக்ககால முதலீட்டாளர்களுள் ஒன்று சிஐஏவின் முதலீட்டு அமைப்பு. 2024இல்கூட அதன் வருவாயில் பாதிக்கு மேல் அரசுகளிடமிருந்தே வந்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை 2023இல் 33 கோடி பவுண்டு ஒப்பந்தத்தை இதன் தலைமையிலான குழுவுக்குக் கொடுத்தது. அரசைச் சுருக்கச் சொல்லும் ஒருவரின் செல்வத்தில் ஒரு பெரிய பங்கு அரசின் கண்ணைக் கூர்மையாக்கியதால் வந்தது என்பதைப் பேசாமல் அவருடைய அரசியலைப் பேச முடியாது.

கொதிகலன் எழுதியது:

போட்டி தோற்பவர்களுக்கானது, ஏகபோகமே புதுமையைத் தரும் என்ற அவருடைய கருத்தைப் பற்றி ஒன்று. போட்டியில் லாபம் கரைந்துவிடும், கையில் மிச்சம் உள்ள நிறுவனத்தால் மட்டுமே பத்து ஆண்டு தூரத்தைப் பார்க்க முடியும் என்பது அதன் சாரம். பெல் ஆய்வகம் இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகத் தோன்றும்: ஏடி அண்ட் டி நிறுவனத்தின் தொலைபேசி ஏகபோகத்தால் கிடைத்த பணத்தில் 1947இல் டிரான்சிஸ்டரும், நான் முன்பு சொன்ன சூரிய மின்கலமும் பிறந்தன.

ஆனால் அது அரசு விலையைக் கட்டுப்படுத்திய ஏகபோகம். 1956இல் நீதித்துறையோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, அதுவரை பெற்றிருந்த காப்புரிமைகளை அது உரிமத்தொகை இல்லாமல் மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டியிருந்தது. கணினித் தொழிலில் இறங்கவும் தடை. குறைக்கடத்தித் தொழில் பல புதிய நிறுவனங்களின் கையில் செழித்ததற்கு இந்தத் திறப்பும் ஒரு காரணம். ஏகபோகம் விதையைத் தந்தது என்று சொல்வதானால், வேலியை உடைத்து அதை ஊருக்கு விதைத்தது அரசின் வழக்கு என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

தாழை எழுதியது:

அவருடைய உதவித்தொகைத் திட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டுத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று 2010இல் அறிவித்தார். ஓயோ விடுதி நிறுவனத்தின் ரித்தேஷ் அகர்வால், எத்திரியத்தின் விட்டாலிக் பியூட்டரின், ஃபிக்மாவின் டிலன் ஃபீல்ட் ஆகியோர் அதில் வந்தவர்கள். திறமையானவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் விடுதி முன்பதிவு, மறையீட்டு நாணயம், வடிவமைப்பு மென்பொருள் ஆகிய மூன்றும் திரைக்குள் நிகழும் தொழில்களே. பொருள் உலகம் தேங்கிவிட்டது என்று கவலைப்பட்டவர் தேர்ந்தெடுத்த பிள்ளைகளுள் மிகப் புகழ்பெற்றவர்கள் அந்த உலகத்தின் பக்கம் போகவில்லை. ஆய்வகமும் உலையும் மருத்துவமனையும் இல்லாத பத்தொன்பது வயதுக்காரரால் புதிய அணு உலையையோ புற்றுநோய் மருந்தையோ எப்படி உருவாக்க முடியும்?

மருந்தாளுநர் எழுதியது:

அண்மைக்காலத்தில் அவர் பேசுவது இன்னும் விசித்திரமான இடத்துக்குப் போயிருக்கிறது. 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் சான் ஃபிரான்சிஸ்கோவில் அந்திக்கிறிஸ்துவைப் பற்றி (உலக முடிவுக்கு முன் வருவான் என்று கிறிஸ்தவ மரபு சொல்லும் கிறிஸ்துவின் எதிரி) நான்கு சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அணு ஆயுதம், பருவநிலை, செயற்கை நுண்ணறிவு என்று பேரழிவு அச்சத்தை ஓயாமல் பேசி, அதைத் தடுப்பதாகச் சொல்லி உலகம் முழுவதையும் ஒரே ஆட்சியின் கீழ்க் கொண்டுவரும் ஒருவர் வரக்கூடும் என்பது அவர் அச்சம். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில் வரும் ‘சமாதானமும் சவுக்கியமும்’ என்ற சொற்களை அந்த ஆட்சியின் முழக்கமாக அவர் வாசிக்கிறார்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவன்; அந்த வசனம் பிரசங்கங்களில் பலமுறை கேட்டது. அதை எடுத்து, பருவநிலைக்காகப் போராடும் ஓர் இளம்பெண்ணை அந்திக்கிறிஸ்துவின் சாயலாகச் சுட்டுவது எனக்கு மிகுந்த வேதனை தந்தது. உலக நாடுகள் சேர்ந்து செயல்பட்டாலே கொடுங்கோன்மை வரும் என்றால், பெரியம்மையை ஒழித்தது யார்? பனிப்போரின் நடுவே அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் ஒத்துழைத்தன. 1980இல் அந்த நோய் உலகில் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. குளிர்பதனத் தொழில் மாற்று வாயுக்களைக் கண்டுபிடித்துக்கொண்டு மேலே நடந்தது. எந்த உலகப் பேரரசும் பிறக்கவில்லை.

2025 ஜூனில் ஒரு நேர்காணலில், மனித இனம் நிலைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்தானே என்று கேட்டபோது அவர் தயங்கியதைப் பலர் பேசினார்கள். பிறகு ஆம் என்றார். மனித உடலையே மாற்றி மரணத்தை வெல்ல வேண்டும் என்ற அவர் ஆசையோடு சேர்த்துப் பார்த்தால் அந்தத் தயக்கம் புரிகிறது. முதுமை ஆராய்ச்சிக்கு அவர் பணம் கொடுப்பதை நான் வரவேற்கிறேன். கேள்வி கேட்டவர் சுட்டிக்காட்டிய இன்னொன்றுதான் முக்கியம்: அப்படியொரு கொடுங்கோல் ஆட்சி வருமானால், தீல் முதலீடு செய்த கண்காணிப்புக் கருவிகளே அதற்கு உதவும் அல்லவா? அதற்கு நிறைவான விடை அவரிடமிருந்து வரவில்லை.

ஆழிக்கரை எழுதியது:

விமர்சனங்களில் பலவற்றை ஏற்கிறேன். ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். தேக்கம் பாதியளவு உண்மை என்று இங்கே எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் தடுக்கும் கைகள் நிறைந்த மக்களாட்சியில் ராக்கெட்டும் உலையும் மருந்தும் எப்படி வரும்? தடுப்பூசி, பேரிடர் கால விதிவிலக்கு. சாதாரணக் காலத்துக்கு உங்கள் வழி என்ன?

நீள்வானம் எழுதியது:

நியாயமான கேள்வி. நாசாவின் 2006 திட்டத்தையே விடையாகத் தருகிறேன். அது பேரிடர் காலத்தில் நடந்தது அன்று. அதில் இரண்டு நிறுவனங்கள் முதலில் தேர்வாயின: ஸ்பேஸ்எக்ஸ், ராக்கெட்பிளேன் கிஸ்ட்லர். செலவு எவ்வளவு ஆனாலும் அரசு ஈடுகட்டும் என்ற பழைய ஒப்பந்த முறையை விட்டுவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தொகை என்று முன்கூட்டியே நிர்ணயித்தார்கள். கட்டத்தை முடித்தால்தான் பணம். வடிவமைப்பு முடிவுகள் நிறுவனத்திடம் விடப்பட்டன. ராக்கெட்பிளேன் கிஸ்ட்லரால் தேவையான தனியார் நிதியைத் திரட்ட முடியவில்லை. 2007இல் நாசா அந்த ஒப்பந்தத்தை முறித்தது. மிச்சமிருந்த பணத்துக்குப் புதிய போட்டி நடத்தி, 2008 தொடக்கத்தில் ஆர்பிட்டல் சயன்சஸ் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது. ஸ்பேஸ்எக்ஸின் வாகனம் 2012இலும் ஆர்பிட்டலின் வாகனம் 2013இலும் விண்வெளி நிலையத்தை அடைந்தன.

தோல்வியைக் கண்டு பணத்தை நிறுத்தவும், வேறொருவருக்கு வாய்ப்புத் தரவும், எல்லாவற்றுக்கும் நாடாளுமன்றத்தின் முன் கணக்குக் காட்டவும் ஒரு மக்களாட்சியின் துறையால் முடிந்தது. 2009இல் தீல் அரசியலை விட்டுத் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, அவருடைய நிதியம் முந்தைய ஆண்டு பணம் போட்ட அதே நிறுவனத்தை அந்த அரசியலின் பணம் தாங்கிக்கொண்டிருந்தது. கட்டத்துக்குக் கட்டம் பணம் தரும் இந்த முறையைச் சிறிய அணு உலைகளுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கும் எந்த அளவுக்குக் கொண்டுசெல்லலாம் என்பதைக் கொதிகலன் அவர்களும் மருந்தாளுநர் அவர்களும் விரிவாக எழுதினால், நான் அதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.